பிரஷர் இல்லாதவருக்கு எதற்குப் பிரஷர் குளிசை?

"பிரஷர் நல்லாத்தானே இருக்கு, பிறகு எதுக்கு இந்தக் குளிசை?" பதுளை போதனா வைத்தியசாலையில் மாரடைப்புக்கு வைத்தியம் பெற்று, பசறை, லுணுகலைப் பக்கத்து லயங்களுக்குத் திரும்புகிறவர்கள் கேட்கக்கூடிய கேள்விதான். கிளினிக் கொப்பியில் எனலாப்ரில் என்றோ கப்டோபிரில் என்றோ எழுதியிருக்கும். பக்கத்துக் காம்பரா அக்கா பிரஷருக்குப் போடுவதும் அதுவேதான். குழப்பம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் மாரடைப்பு வந்தவருக்கு அதைக் கொடுப்பதன் முக்கிய நோக்கம் வேறு. இதயத் தசையில் ஒரு பகுதி செத்து இரத்த ஓட்டம் குறைந்ததும், உடம்பில் நீர் வற்றிவிட்டதாக எண்ணிச் சிறுநீரகம் ரெனினைச் சுரக்கிறது. அதன் தொடர்ச்சியாக ஏ.சி.இ. என்ற நொதியம் அஞ்சியோடென்சின் 2 என்பதை உண்டாக்குகிறது. குழாய்கள் இறுகும், உப்பும் நீரும் தங்கும், பாரமெல்லாம் மிஞ்சிய தசைமேல் விழும். மாதக்கணக்கில் இழுபட்டு இதயம் பந்துபோல உப்பிவிடும். பிறகு கொழுந்து மலை ஏறினால் மூச்சு வாங்கும், இராவில் இரண்டு தலையணை வேண்டும், கால் வீங்கும். அந்த நொதியத்தை மறிப்பதுதான் குளிசையின் வேலை.

பிரேசில் விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்த வழியில் பிறந்தது கப்டோபிரில். மாரடைப்பால் இதயம் பலவீனப்பட்டும் மூச்சுத்திணறல் தொடங்காத 2,231 பேரிடம் அதைச் சோதித்த 'சேவ்' ஆய்வு 1992 இல் வெளியானது. மருந்து பெற்ற 1,115 பேரில் 228 பேரும், வெற்றுக் குளிசை பெற்ற 1,116 பேரில் 275 பேரும் இறந்திருந்தார்கள்.

"கிட்னி போயிடும்" என்பார்கள். மஹியங்கனை, கிராந்துருகோட்டைப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோயைக் கண்ட மாவட்டத்தில் இந்தப் பயம் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். நீரிழிவால் சிறுநீரில் புரதம் போகிறவருக்கோ, சிறுநீரகத்தைக் காக்கவே இதே குளிசையைக் கொடுக்கிறார்கள். தொடங்கியபின் இரத்தத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். கர்ப்பிணிகளுக்கோ இது ஆகாது.

"இருமல் வருது" என்பது பொய்யல்ல. அதே நொதியம் பிராடிகைனின் என்ற பொருளையும் சிதைக்கிறது. மறித்தால் அது தேங்கி, சிலருக்கு வறட்டு இருமலைக் கிளப்பும். பதுளைக் குளிரில் சளி என்று கொத்தமல்லி அவித்துக் குடிப்பதாலோ, சொல்லாமல் குளிசையை விடுவதாலோ பயனில்லை. கொப்பியோடு கிளினிக்குக்குப் போய்ச் சொன்னால் லொசார்டன் போன்ற வேறொன்றுக்கு மாற்றுவார்கள். முகமோ நாக்கோ வீங்கினால் கிளினிக் நாள்வரை பொறுக்கக் கூடாது: அடுத்த வேளைக் குளிசையை நிறுத்திவிட்டு, உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.