ஆம்ப் கட்டும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய எல்எம்3886 ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் குறிப்பை ஒரே மூச்சில் படித்தேன். எர்த் ஒயர்களை எல்லாம் ஒரே புள்ளியில் கொண்டுவந்து முடித்திருக்கிறாயே, அந்தப் படத்தைப் பார்த்து மனசு நிறைந்துவிட்டது. ஹம் துளியும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன்.

ஆனால் மூன்றாம் பக்கத்தில், 2 ஆம்பியர் பியூஸ் அடிக்கடி போனதால் 5 ஆம்பியர் போட்டுப் பிரச்சினையைத் தீர்த்தேன் என்கிறாய். அதற்கு மேல் படிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

உன்னுடையது 300 விஏ டொராய்டு டிரான்ஸ்ஃபார்மர். 230 வோல்ட்டில் முழு லோடுக்கு 1.3 ஆம்பியர்தான். சுவிட்ச் போடும் கணத்தில் மட்டும் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். மெயின்ஸ் அலை பூஜ்ஜியத்தைக் கடக்கும்போது சுவிட்ச் விழுந்தால் இன்னும் அதிகம். ஒரு நாள் தாங்கிய பியூஸ் மறுநாள் போனது அதனால்தான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பியூஸின் மூடியில் 'எஃப்' என்று பொறித்திருக்கிறது. வேகமாக உருகும் வகை. அங்கே வேண்டியது மெதுவாக உருகும் 'டி' வகை. 2.5 போடு, மிஞ்சினால் 3.15.

நீ போட்ட 5 ஆம்பியர் கண்ணாடி பியூஸ் 7.5 ஆம்பியரை ஒரு மணி நேரமாவது தாங்க வேண்டும் என்பது ஐஇசி 60127 விதி. அது 1,725 வாட். இரண்டு இஸ்திரிப்பெட்டி இழுக்கும் கரண்ட் உன் டிரான்ஸ்ஃபார்மரில் ஓடினாலும் பியூஸ் சும்மா இருக்கும். வீட்டு 10 ஆம்பியர் எம்சிபியும் விழாது. வெந்துபோவது டிரான்ஸ்ஃபார்மரின் சுருள்தான்.

நான் தொழில் பழகிய ரேடியோக் கடைக்குக் கல்யாண மைக் செட் ஆம்ப்ளிஃபயர்கள் வரும். மூடியைக் கழற்றினால் வார்னிஷ் கருகிய நாற்றம் அடிக்கும். ஹோல்டரில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றிய பியூஸ் இருக்கும். என் ஆசான் அதைப் பிரித்து மேஜைமேல் வைத்துவிட்டு, பெயின்ட் எடுத்துப் பின்பலகையில் ஆம்பியரையும் வகையையும் எழுதுவார். ரிப்பேர் அதற்குப் பிறகுதான். நாளைக்கு வேறு யாரோ திறப்பான், அவனுக்கு யார் சொல்வது என்பார். உன் பின்பலகையில் கம்பெனிப் பெயர் மாதிரி உன் பெயர் இருக்கிறது, பியூஸ் அளவு இல்லை.

இன்னொன்று, ஹோல்டர். பேஸ் ஒயரைப் பக்கவாட்டு முனையில் பற்றவைத்திருக்கிறாய். அது பின்கோடி முனைக்குப் போக வேண்டும். மூடியைத் திருகிப் பியூஸை வெளியே இழுப்பவன் விரல், பாதி வந்த பியூஸின் உலோக முனையைத் தொடும். அப்போது அதில் 230 வோல்ட் இருக்கக்கூடாது. பழைய வீட்டுப் பிளக் பாயின்ட்டுகளில் பேஸும் நியூட்ரலும் மாறிக்கிடப்பதும் உண்டு, அதனால் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் டபுள் போல் சுவிட்ச் போட்டுவிடு.

கடைசிப் பத்தியில் அம்புக்குறி போட்ட வெள்ளிப் பியூஸ் வாங்கும் ஆசையைச் சொல்லியிருக்கிறாய். தம்பி, மெயின்ஸ் கரண்ட் நொடிக்கு நூறு தடவை திசை மாறுகிறது. அந்த அம்பு எந்தப் பக்கம் காட்டும்? அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கை ஹோல்டருக்குச் செலவிடு. மலிவான ஹோல்டரில் ஸ்பிரிங் தளரும், தளர்ந்த இடம் சூடாகும், சூட்டில் ஸ்பிரிங் இன்னும் தளரும். அந்தச் சூடு ஏறித்தான் பியூஸ் காரணமில்லாமல் போவதுபோல் போகும். வருஷக்கணக்கில் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். எல்லாரும் பியூஸைத்தான் மாற்றுகிறார்கள். வாங்கும்போது பியூஸைச் செருகி இழுத்துப் பார். கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும்.

ஸ்பீக்கர் லைனில் நீ பியூஸ் போடாதது மிக நல்ல முடிவு. போட்டிருந்தால், பாஸ் வரும்போது அதன் கம்பி சூடாகி ஆறி, ரெசிஸ்டன்ஸ் மாறிச் சத்தத்தைக் கெடுக்கும். இதை யாரும் சொல்லித்தராமலே நீ விட்டிருந்தால் உன் காது பெரிய காது.

ஹோல்டரை மாற்றி, பின்பலகையில் எழுதிவிட்டுப் படம் அனுப்பு. மூன்றாம் பக்கத்தையும் திருத்து. அதைப் பார்த்து இன்னொரு பையன் கட்டுவான்.

அன்புடன்,
அண்ணன்