சங்கு ஊதினால் மட்டும் போதுமா?



விடியற்காலை பெரட்டு மணி அடித்தால் என்ன செய்வது என்று நம் அப்பா அம்மாவுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. மணி கேட்டதும் அடுப்பை அணைத்தார்கள், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டார்கள், வாளியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்கள். ஓசைக்குப் பொருள் தெரிந்திருந்தது. வெள்ளத்துக்கு ஊதும் அபாயச் சங்கும் அப்படித்தான். பொருள் தெரியாதவர் காதில் அது வெறும் இரைச்சல்.

இரண்டு சம்பவங்களை நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் காலை 9 மணிக்குச் சற்று முன் சுமத்திராவுக்கு அப்பால் கடலடியில் பூமி அதிர்ந்தது. ஆழிப்பேரலை பினாங்கு, கெடா கரைகளை எட்ட மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரம் இருந்தும் கடற்கரையில் இருந்தவர்களுக்குச் சேதி சொல்ல வழியில்லை. நம் நாட்டில் 68 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான் சுனாமி எச்சரிக்கை ஏற்பாடு இங்கே உருவானது.

அடுத்தது 2021 டிசம்பர். சிலாங்கூரில் பேய்மழை. வானிலை இலாகா எச்சரிக்கை விட்டிருந்தது. ஆனாலும் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் எத்தனையோ குடும்பங்கள் கூரை மேல் ஏறி உதவிக்குக் காத்துக் கிடந்தன. சில நாளில், 2022 ஜனவரி தொடக்கத்தில், நம் மலாக்காவிலேயே அலோர் காஜா, ஜாசின் பக்கங்களில் தண்ணீர் ஏறியது. முதல் சம்பவத்தில் சேதியே வரவில்லை. இரண்டாவதில் வந்த சேதி பலர் வீட்டு வாசல் வரை போய்ச் சேரவில்லை. அந்தக் கடைசிக் கட்டை நாமேதான் நடக்க வேண்டும்.

அரசாங்க ஏற்பாடு என்ன? 1993-இல் ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் இறந்தார்கள். அதன் பின் 1997-இல் பேரிடர் நிர்வாகத்துக்கென தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20-ஆம் கட்டளை வந்தது. நாடு, மாநிலம், மாவட்டம் என மூன்று அடுக்காகக் குழுக்கள் இயங்குகின்றன. மாவட்டக் குழுவுக்கு மாவட்ட அதிகாரியே தலைவர். போலீஸ், பொம்பா, பொதுத் தற்காப்புப் படை, சுகாதார இலாகா, சமூக நல இலாகா எல்லாம் அதில் உண்டு. 2015-இல் இவற்றை ஒருங்கிணைக்க நட்மா அமைக்கப்பட்டது.

ஆற்று நீரை அளப்பது வடிகால் நீர்ப்பாசன இலாகா. கேசாங் ஆற்றில் சின் சின்னிலும், மலாக்கா ஆற்றில் பந்தாய் பெலிம்பிங்கிலும் அளவு நிலையங்கள் உண்டு. ஆற்று நீருக்கு மூன்று மலாய்ச் சொற்களை மனப்பாடம் செய்யுங்கள்.

வாஸ்பாடா: விழித்திரு. தண்ணீர் வழக்கத்தைவிட ஏறிவிட்டது.
அமாரான்: எச்சரிக்கை. பை கட்டியிருக்க வேண்டும். வயசானவர்களை இப்போதே அனுப்புங்கள்.
பஹாயா: ஆபத்து. இனி சாமான் தேடாதே. கிளம்பு.

வானிலை இலாகாவின் மழை எச்சரிக்கைக்கும் மூன்று படி உண்டு: மஞ்சள் என்றால் வாஸ்பாடா, ஆரஞ்சு என்றால் பூரோக், சிவப்பு என்றால் பஹாயா.

“எத்தனை வெள்ளம் பார்த்திருக்கோம், தண்ணி படிக்கட்டு வரைக்கும்தானே வரும்” என்று தாத்தா சொல்வார். அவர் பார்த்தது பழைய தோட்டம். இன்று சுற்றிலும் தாமான் எழும்பி, ரோடு உயர்ந்து, தண்ணீர் போகும் வழி மாறிவிட்டது. பழைய அளவை நம்பாதீர்கள்.

இனி நம் கைவேலை.

மருந்துப் பை: ஒரு வாரத்து மாத்திரை, கிளினிக் அட்டை, ஐ.சி., குழந்தையின் தடுப்பூசி புத்தகம் ஆகியவற்றைத் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு உயரத்தில் மாட்டுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் அதைத் துணியில் சுற்றிக் குளிர்ச்சியான பிளாஸ்கில் வையுங்கள்; ஐஸ் கட்டி நேராகப் படக்கூடாது. டயாலிசிஸ் செய்கிறவர்கள் ‘அமாரான்’ வரை காத்திருக்க வேண்டாம். ‘வாஸ்பாடா’ என்றதுமே நிலையத்துக்குப் போன் செய்து, பாதை அடைபட்டால் எங்கே வருவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

999: ஆம்புலன்ஸ், போலீஸ், பொம்பா எல்லாவற்றுக்கும் இந்த ஒரே எண் போதும். ஆனால் இடம் சொல்லத் தெரிய வேண்டுமே! நாம் தமிழில் ஒரு பெயரால் அழைக்கும் தோட்டத்துக்கு வரைபடத்தில் வேறு பெயர் இருக்கும். தோட்டத்தின் பதிவான பெயர், டிவிஷன், பக்கத்து ரோடு, கோயிலோ பள்ளியோ ஓர் அடையாளம், இவற்றை எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். பத்து வயதுப் பிள்ளையும் வாசித்துச் சொல்லட்டும்.

புறப்படும்போது: தரை நனைவதற்கு முன்பே மெயின் சுவிட்சை அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு தொடவே கூடாது. ஓடும் தண்ணீரில் மோட்டார் சைக்கிளை இறக்காதீர்கள்.

தண்ணீர் வடிந்ததும் ஆபத்து தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். இனித்தான் எலிக் காய்ச்சலின் காலம். எலி மூத்திரம் கலந்த சேற்றிலிருந்து கிருமி, காலில் உள்ள சிறு வெட்டுக்காயம் வழியாக உடம்பில் ஏறும். பூட்ஸ் போட்டுக்கொண்டு வீட்டைக் கழுவுங்கள். காயத்தைக் கட்டி மூடுங்கள். சர்க்கரை வியாதிக்காரர் வெறுங்காலோடு சேற்றில் இறங்கவே கூடாது. குடிநீர் நன்றாகக் கொதித்த பிறகு மேலும் ஒரு நிமிடமாவது கொதிக்கட்டும்.

இரண்டு நாளிலிருந்து நான்கு வாரத்துக்குள் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், “மழையில நனைஞ்சது, தைலம் தேச்சா போயிடும்” என்று பனடோல் போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். கிளினிக்குக்குப் போய், “வெள்ளத் தண்ணியில நின்னேன்” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அந்த வார்த்தை டாக்டருக்குப் பாதி வழி காட்டிவிடும். சீக்கிரம் போனால் மருந்துக்குக் கேட்கும். தாமதித்தால் சிறுநீரகம், ஈரல் கெட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த கிளைக் கூட்டத்தில் மூன்று கேள்விகளை எழுப்புங்கள். நமக்கு அருகிலுள்ள வெள்ள நிவாரண மையம் எது? நிர்வாகத்தில் இராத்திரி யாரைக் கூப்பிடுவது? நடக்க முடியாதவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள், அவர்களைத் தூக்கி வரப்போவது யார்? பெயர் போட்டு எழுதி வையுங்கள். பக்கத்து லயத்தில் இருக்கும் வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளிக்கும் அதைச் சொல்லுங்கள். தண்ணீர் பாஸ்போர்ட் பார்த்து வருவதில்லை.

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கும். பையை அதற்கு முன்பே கட்டுங்கள்.