அசை பிரிக்கலாம் வாங்க!

குறளை அலகிடச் சொன்னாலே நம்மில் பலருக்குப் பயம். எழுத்தை எண்ணினால் அசை வராது. ‘கடல்’, ‘பாடம்’ இரண்டிலும் 3 எழுத்துதான். ஆனா, கடல் ஓரசை; பா/டம் ஈரசை. ஏன்?

நான் பிரிக்கும் வழி இதுதான்:

நெடிலில் தொடங்கினா அது தனியாவே நிக்கும். குறிலில் தொடங்கினா, அடுத்து வரும் குறிலையோ நெடிலையோ ஜோடி சேர்த்துக்கும். புள்ளி எழுத்து வந்தா முன் எழுத்தோடு ஒட்டி அசையை முடிச்சிடும். ஜோடி சேர்ந்தது நிரை, மத்ததெல்லாம் நேர்.

பள்/ளி – நேர் நேர் – தேமா
படிப்/பு – நிரை நேர் – புளிமா
மா/ணவன் – நேர் நிரை – கூவிளம்
விடு/முறை – நிரை நிரை – கருவிளம்

இப்போ உங்க பேரைப் பிரிச்சுப் பாருங்க. அது வந்துட்டா, தேர்வில் குறளும் வந்துடும்!