கூண்டு இறங்காத மனம்

பழவேற்காடு ஏரிக்கரைப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்களுக்குப் புயல் எச்சரிக்கைக் கூண்டு புதிதன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நெருங்கியபோது எண்ணூர்த் துறைமுகத்தில் கூண்டு ஏற்றப்பட்டது. ஆபத்து நீங்கியதும் கூண்டை இறக்கிவிடுவார்கள்.

அப்பா கடலில் இருக்கையில் காற்று வலுத்தால் பிள்ளை பயப்படுவது இயல்பு, அது நோயன்று. கடல் அமைதியான பிறகும் படபடப்பு, வயிற்றுவலி, தூக்கமின்மை, பள்ளிக்கு வர அச்சம் எனப் பல வாரங்கள் நீடித்தால் அது மனப்பதற்றமாக இருக்கலாம். மனத்தில் ஏறிய கூண்டு இறங்கவில்லை என்று பொருள்.

மனச்சோர்வு வேறு. முகத்துவாரம் மணலால் அடைபட்டால் கடல்நீர் ஏரிக்குள் வந்துபோவது தடைபடும், மீன்பாடும் குறையும். அதற்காக ஏரியைச் சோம்பேறி என்று யாரும் திட்டுவதில்லை. மனச்சோர்வுற்ற மாணவரையும் அப்படிச் சொல்லலாகாது. பிடித்த விளையாட்டிலும் நாட்டமின்மை, பசியிலும் தூக்கத்திலும் மாற்றம், கவனச் சிதறல், ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்ற எண்ணம் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல், ஏறக்குறைய நாள்தோறும் காணப்பட்டால் கவனம் தேவை. பிள்ளைகளிடம் சோகத்தைவிட எரிச்சலும் சண்டையுமே முன்னால் தெரியலாம். இவ்விரு நிலைகளும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தும் வரலாம்.

நாம் செய்யக்கூடியவை:

1. வருகைப்பதிவேட்டைக் கவனியுங்கள். தொடர்ந்து வராத பையனை ‘அப்பாவோடு தொழிலுக்குப் போயிருப்பான்’ என்று விட்டுவிடாமல் காரணத்தை விசாரியுங்கள்.

2. தனியே அழைத்து, ‘சில நாளா நீ சரியா சாப்பிடலையே, என்னப்பா?’ என்று கேளுங்கள். அறிவுரையைத் தள்ளிவைத்துவிட்டு, சொல்வதைக் கேளுங்கள்.

3. ‘தைரியமாக இரு’, ‘இதெல்லாம் ஒரு கவலையா?’ என்பவற்றைத் தவிருங்கள். வகுப்பின் முன் பேசாதீர்கள்.

4. நோயா இல்லையா என்பதை மருத்துவரே முடிவு செய்வார். பெற்றோரிடம் பேசி, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு வழிகாட்டுங்கள். 14416 டெலி மானஸ் உதவி எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

5. ‘இருந்து என்ன பயன்?’ என்று பிள்ளை சொன்னால் தனியே விடாதீர்கள். தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் உடனே தெரிவித்து, அன்றே மருத்துவ உதவி கிடைக்கச் செய்யுங்கள்.

மனப்பதற்றமும் மனச்சோர்வும் பேச்சுவழி ஆலோசனையாலும், தேவைப்பட்டால் மருந்தாலும் குணமாகக்கூடியவை. நாளைக் காலை வருகை எடுக்கும்போது ‘உள்ளேன் ஐயா’ என்ற குரலோடு முகத்தையும் ஒருமுறை பாருங்கள்.