குரலின் காவலர்கள்

நியூசிலாந்தின் வடபகுதியில் கைத்தாயா என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு மாவோரி மக்கள் நடத்தும் ‘தெ ஹிக்கு’ வானொலி, பல ஆண்டுகளாகத் தன் ஒலிபரப்புகளைப் பாதுகாத்து வந்தது. அவற்றில் பேசிய முதியவர்கள் பலர் இன்று உயிருடன் இல்லை.

மாவோரிப் பிள்ளைகள் பள்ளியில் தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அதனால் வீடுகளிலும் அம்மொழி மெல்ல மெல்ல ஒடுங்கியது. 1987இல்தான் அது அந்நாட்டின் அதிகாரத்துவ மொழியானது. ஆகவே, முதியவர்களின் அந்தப் பதிவுகள் வெறும் பழைய ஒலிநாடாக்கள் அல்ல. இயல்பான உச்சரிப்பும் மரபுத்தொடர்களும் அவற்றில் பொதிந்திருந்தன.

அவற்றையெல்லாம் மனிதர்கள் கேட்டு எழுதி முடிக்க ஆண்டுக்கணக்காகும். ஆங்கிலத்தில் பயிற்சி பெற்ற கணினிகளுக்கோ மாவோரிப் பேச்சு விளங்கவில்லை. எனவே, தங்களுக்கான செயற்கை நுண்ணறிவைத் தாங்களே உருவாக்க வானொலியினர் முடிவு செய்தனர். அதற்குக் குரலும் அக்குரலுக்கு உரிய எழுத்து வடிவமும் ஏராளமாகத் தேவைப்பட்டன. 2018இல் அவர்கள் மக்களிடம் வேண்டுகோள் விடுத்தனர். பத்தே நாள்களில் சுமார் 2,500 பேர் வாக்கியங்களை வாசித்துப் பதிவு செய்தனர். 300 மணி நேரத்திற்கும் மேற்பட்ட குரல்பதிவு சேர்ந்தது! பணம் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு விரைவில் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. அதைக் கொண்டு உருவான கருவி, பின்னர் 92 விழுக்காடு துல்லியத்தை எட்டியது.

அந்தக் குரல்பதிவுகளை விலைக்குக் கேட்டு வெளியாரும் வந்தனர். வானொலியினர் மறுத்துவிட்டனர். நிலத்தைப் பறிகொடுத்த வரலாறு மாவோரி மக்களுக்கு உண்டு. தங்கள் குரலை வாங்கிச் செல்பவர்கள், அதைக் கொண்டு செய்த பொருளை நாளை தங்களுக்கே விற்பார்கள் என்று அவர்கள் எண்ணினர். முன்னோர் விட்டுச் சென்றதை வருங்காலத்தினருக்காகக் காப்பது மாவோரி மரபு. அம்மரபைப் பின்பற்றி, வானொலியினர் தங்களை உரிமையாளர்களாக அல்லாமல் காவலர்களாகவே கருதினர். குரல்பதிவுகளைப் பயன்படுத்த விரும்புவோர் அனுமதி பெற வேண்டும். அதன் பயன் மாவோரி மக்களைச் சேர வேண்டும்.

எல்லாருக்கும் திறந்துவிட்டால்தானே மொழி வளரும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், அப்படித் திறந்துவிட்டால் முதலில் பயனடைபவர்கள் பெரிய கணினிகளும் வல்லுநர்களும் உள்ள நிறுவனங்களே. சிற்றூர் மக்களின் முறை கடைசியில்தான் வரும்.

இதே முயற்சியில் பிறந்த ‘ரோங்கோ’ என்னும் கைப்பேசிச் செயலி, மாவோரி மொழியைக் கற்பவர்கள் உச்சரிப்பைச் சீர்படுத்திக்கொள்ள உதவுகிறது. வீட்டில் அம்மொழியைக் கேட்டு வளரும் வாய்ப்பை இழந்தவர்களும் இப்போது அதனுடன் பேசிப் பழகலாம்.