அம்மாவும் வசதியா ஏறணும், இஎம்ஐயும் இடிக்கக் கூடாது: எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு



போன வீடியோவுக்குப் பிறகு திருச்செங்கோட்டுத் தம்பி ஒருத்தர் எழுதியிருந்தார். வேலை ஈரோட்டில, சம்பளம் கைக்கு 26,000 ரூபாய். தினமும் பைக்ல போய் வர்றார். அவர் கேட்டது இதுதான்: "அண்ணா, அம்மாவுக்கு முட்டி வலி. பைக் பின்னாடி காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியல. சைடுல உக்காந்தாலும் சீட் உசரம். மலைக்கோயிலுக்குப் போயே ஒரு வருஷம் ஆச்சு. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் எடுத்தா அம்மாவுக்கும் வசதி, பெட்ரோல் மிச்சத்திலேயே இஎம்ஐ கட்டிடலாம்னு ஷோரூம்ல சொல்றாங்க. எடுக்கலாமா?"

இந்தக் கேள்வியில ரெண்டு விஷயம் ஒண்ணா கலந்திருக்கு. ஒண்ணு வசதி, இன்னொண்ணு மிச்சம். ரெண்டையும் தனித்தனியா பிரிச்சுப் பார்த்தாத்தான் சரியான பதில் கிடைக்கும். வாங்க, படிப்படியா பார்ப்போம்.

1. முதல்ல வசதி: காலைத் தூக்காம ஏறக்கூடிய வண்டி

இது நமக்குப் புதுசு இல்லை. டிவிஎஸ் 50 ஓசூர்ல இருந்து 1980-ல வந்த நாள் முதலா நம்ம ஊர் வீடுகள் இந்த வசதிக்குப் பழகினதுதான். நடுவுல டேங்க் இல்லை, வேட்டியோ சேலையோ தடுக்காது, முன்னாடி மூட்டை வைக்கலாம். இன்னைக்கு வர்ற குடும்ப எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்களும் அதே தேவைக்குத்தான். டிவிஎஸ் ஐக்யூப் 2020-ல வந்தது. ஏத்தர் ரிஸ்டா 2024 ஏப்ரல்ல வந்தது. ரெண்டும் தயாராகறது ஓசூர்லதான்.

ஆனா பிரவுசர்ல படிச்சு வசதியை முடிவு பண்ணாதீங்க. ஐக்யூப் சீட் உயரம் 770 மில்லிமீட்டர், ரிஸ்டா 780 மில்லிமீட்டர். பேப்பர்ல இந்த வித்தியாசம் ஒண்ணுமே இல்லை. உங்க அம்மாவோட முட்டிக்கு அது தெரியும். அதனால டெஸ்ட் ரைடுக்கு அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. அங்க இதையெல்லாம் பாருங்க:

- அம்மா யார் உதவியும் இல்லாம ஏறி, இறங்க முடியுதா? சைடுல உக்காந்தா கால் வைக்க இடம் சரியா இருக்கா? பிடிச்சுக்க பின்னாடி கம்பி கைக்கு எட்டுதா?
- ஃபுட்போர்டுக்கு அடியில பேட்டரி இருக்கற வண்டிகள்ல தரை கொஞ்சம் உசரமா இருக்கலாம். நீங்க உயரமான ஆள்னா முட்டி மேல தூக்கி நிக்கும். பத்து நிமிஷம் ஓட்டினாத்தான் அது தெரியும்.
- சென்டர் ஸ்டாண்ட் போட முடியுதா? வீட்டில வேற யாரெல்லாம் ஓட்டப் போறாங்களோ அவங்களும் ஒரு தடவை போட்டுப் பார்க்கணும்.
- ரெண்டு பேர் உக்காந்து ஒரு ஏத்தத்துல நிறுத்தி, திரும்ப எடுங்க. திருச்செங்கோட்டுக்காரங்களுக்கு இதைவிட நல்ல பரீட்சை வேற எங்கயும் கிடைக்காது. மலைக்கு வண்டி போற ரோடு இருக்கே! ஷோரூம்ல அனுமதி கேட்டு அங்க ஒரு சுத்து போங்க. இறங்கும்போது பிரேக்கையும் கவனிங்க.

ஒரு எச்சரிக்கை. "லைசென்ஸ் வேண்டாம், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம்"னு விலை குறைஞ்ச வண்டி ஒண்ணு காட்டுவாங்க. சட்டப்படி அந்தச் சலுகை 250 வாட்டுக்குக் குறைவான மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவான வேகம், பேட்டரி இல்லாம 60 கிலோவுக்கு மிகாத எடை இருக்கற வண்டிக்கு மட்டும்தான். தேர் வீதிக்குள்ள காய்கறி வாங்கப் போக அது போதும். ரிக் லாரியும் பஸ்ஸும் பறக்கற ஈரோடு ரோட்டில 25 வேகத்துல போறது ஆபத்து. அதையே 45 வேகத்துல ஓடற மாதிரி மாத்தித் தர்றேன்னு சொன்னா, அது சட்டப்படி பதிவு செய்யாத மோட்டார் வண்டி. விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ் இல்லாம மாட்டிக்குவீங்க.

2. ரேஞ்ச்: விளம்பரத்துல இருக்கறதை ரெண்டு தடவை குறைங்க

விளம்பரத்துல வர்ற ரேஞ்ச் ஐடிசி-ங்கற சோதனை முறையில வந்த எண். ரோட்டில அது கிடைக்காது. நான் பயன்படுத்தற எளிய கணக்கு இது: விளம்பர ரேஞ்ச் × 0.65, அதாவது ரெண்டு பேர், ஏத்தம், அவசரம் எல்லாம் சேர்த்து. வந்த விடையை மறுபடியும் 0.70-ஆல பெருக்குங்க. இது பேட்டரி வயசான பிறகு கிடைக்கறது.

ரிஸ்டா 2.9 கிலோவாட்-ஹவர் மாடல் வந்தப்ப சொன்ன ரேஞ்ச் 123 கிலோமீட்டர். 123 × 0.65 = 80. அதுவே பேட்டரி வயசான பிறகு 56. திருச்செங்கோட்டில இருந்து ஈரோடு சுமார் 20 கிலோமீட்டர். போக வர 40. அப்போ இந்தச் சின்ன பேட்டரியே அந்தத் தம்பிக்குப் பல வருஷம் போதும். பெரிய பேட்டரிக்குக் கூடுதலா காசு கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. இதே வேலை நாமக்கல்லிலோ சேலத்திலோ இருந்தா விடை மாறும். உங்க தூரத்தைப் போட்டுப் பாருங்க.

3. கரண்ட் பில்: 500 யூனிட் கோட்டைக் கவனிங்க

நிறைய பேர் தப்பு பண்ற இடம் இதுதான். 100 கிலோமீட்டருக்குச் சுமார் 4 யூனிட்னு வைங்க (சார்ஜ் ஏறும்போது வீணாகறதும் சேர்த்து). மாசம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினா ரெண்டு மாசத்துக்கு 80 யூனிட் கூடும்.

தமிழ்நாட்டில ரெண்டு மாசத்துக்கு ஒரு பில். முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினா, குறைஞ்ச யூனிட்டுக்குக் கிடைச்ச சலுகை விகிதமும் போயிடும். 501-ல இருந்து 600 வரை யூனிட்டுக்கு 8 ரூபாய் 55 பைசா (2024 ஜூலை கட்டணம்). உங்க வீடு இப்ப 300 யூனிட்ல இருந்தா கவலையே இல்லை. ஏசி ஓடி 450-ல இருந்தா, இந்த 80 யூனிட் உங்களைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிடும். அதனால பழைய பில் ஆறு எடுத்துப் பாருங்க.

பாதுகாப்பா யூனிட்டுக்கு 10 ரூபாய்னே வெச்சுக்குவோம். அப்படிப் பார்த்தாலும் கிலோமீட்டருக்கு 40 பைசாதான்.

வாடகை வீடா? முதல்ல ஹவுஸ் ஓனர்கிட்ட பேசுங்க. வண்டி நிக்கற இடத்துல எர்த் சரியா இருக்கற பிளக் பாயிண்ட் வேணும். சப் மீட்டர் வெச்சுட்டா அவருக்கும் சந்தேகம் வராது. மாடி போர்ஷன், கீழ பிளக் இல்லைன்னா, வீடா மாதிரி பேட்டரியைக் கழட்டி மேல கொண்டு போற வண்டிகளைப் பாருங்க. அந்த பேட்டரியைத் தூக்கிட்டுப் படியேற முடியுதான்னும் பார்த்துக்கங்க!

4. "பெட்ரோல் மிச்சத்துல இஎம்ஐ": உண்மையா?

இப்ப முக்கியமான கணக்கு. இதுல வர்ற விலைகள் உதாரணம். உங்க ஷோரூம் கொட்டேஷனைப் போட்டு மாத்திக்கங்க.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஆன்ரோடு 1,35,000. பெட்ரோல் ஸ்கூட்டர் ஆன்ரோடு 1,00,000. பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய். பெட்ரோல் ஸ்கூட்டர் 45 கிலோமீட்டர் கொடுத்தா கிலோமீட்டருக்கு 2.27 ரூபாய்.

நிலை அ: வண்டியே இல்லை, புதுசா ஒண்ணு வாங்கியே ஆகணும், மாசம் 1,000 கிலோமீட்டர். மிச்சம் கிலோமீட்டருக்கு 1.87. மாசம் 1,870 ரூபாய். கூடுதலா கொடுத்த 35,000 ரூபாய் 19 மாசத்துல திரும்ப வந்துடும். தாராளமா எலெக்ட்ரிக் எடுக்கலாம்.

நிலை ஆ: புதுசா வாங்கணும், ஆனா ஊருக்குள்ள மட்டும், மாசம் 300 கிலோமீட்டர். மிச்சம் மாசம் 561 ரூபாய். அதே 35,000 திரும்ப வர 62 மாசம், அஞ்சு வருஷத்துக்கு மேல. மிச்சத்துக்காக வாங்க வேண்டாம். வசதி பிடிச்சா வாங்குங்க.

நிலை இ: ஓடற பைக் ஏற்கனவே இருக்கு. நம்ம தம்பியோட நிலை இதுதான். பைக் லிட்டருக்கு 55 கொடுக்குது, கிலோமீட்டருக்கு 1.85 ரூபாய். எலெக்ட்ரிக்குக்கு மாறினா மிச்சம் மாசம் 1,450 ரூபாய். பைக்கை 35,000-க்கு வித்து முன்பணம் கட்டி, மீதி ஒரு லட்சம் லோன். 11 சதவீத வட்டி, 36 மாசம்: இஎம்ஐ 3,274 ரூபாய். மொத்தம் கட்டறது 1,17,859.

மிச்சம் 1,450. இஎம்ஐ 3,274. மாசம் 1,824 ரூபாய் கையில இருந்து போகும். போட்ட பணம் முழுசா திரும்ப வர 81 மாசம், கிட்டத்தட்ட ஏழு வருஷம். "பெட்ரோல் மிச்சத்திலேயே இஎம்ஐ"ங்கறது தம்பிக்குப் பொருந்தாத பேச்சு.

5. ஷோரூம்ல கேக்கப் போற மத்த வசனங்கள்

*"இன்கம் டாக்ஸ்ல 1.5 லட்சம் கழிவு இருக்கு சார்."* 80இஇபி பிரிவு 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை சாங்ஷன் ஆன லோனுக்கு மட்டும்தான். அதுவும் வட்டிக்கு மட்டும். இப்ப எடுக்கற லோனுக்குக் கிடையாது.

*"மானியம் முடியப் போகுது, இன்னைக்கே புக் பண்ணுங்க."* மத்திய அரசு மானியம் ஒரு காலத்துல கிலோவாட்-ஹவருக்கு 15,000. 2023 ஜூன்ல 10,000 ஆச்சு. 2024-ல 5,000. பிஎம் இ-டிரைவ் திட்டத்தோட ரெண்டாவது வருஷத்துல 2,500, அதுவும் ஒரு வண்டிக்கு அதிகபட்சம் 5,000. இப்படிக் குறைஞ்சுக்கிட்டே வந்த ஒரு தொகைக்காக மூணு வருஷக் கடன்ல அவசரமா குதிக்காதீங்க. இன்னொண்ணு: 2025 செப்டம்பர் 22-ல இருந்து 350 சிசி வரையான பெட்ரோல் வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 சதவீதம் ஆச்சு. எலெக்ட்ரிக்குக்கு அதே 5 சதவீதம்தான். அதாவது விலை வித்தியாசம் கூடியிருக்கு. பழைய வீடியோக்கள்ல பார்த்த கணக்கை அப்படியே நம்பாதீங்க, என்னோடது உட்பட!

*"வண்டி விலை பாதிதான், பேட்டரிக்கு மட்டும் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்."* 2025-ல வீடா விஎக்ஸ்2, ரிஸ்டா ரெண்டுக்கும் இந்த முறை வந்தது. ஒரு ரூபாய் வாடகை, 40 பைசா கரண்ட்: 1.40 ஆச்சு. பைக்கோட 1.85-ல இருந்து மிச்சம் 45 பைசாதான். குறைஞ்சபட்ச மாசக் கட்டணம் எவ்வளவு, எத்தனை வருஷ ஒப்பந்தம், நடுவுல நிறுத்தினா என்னன்னு எழுத்துல வாங்குங்க.

*"பேட்டரிக்கு எட்டு வருஷம் வாரண்டி."* அது வண்டியோட வர்றதா, தனியா காசு கட்டணுமான்னு கேளுங்க. பேட்டரி எத்தனை சதவீதத்துக்குக் கீழ போனா மாத்தித் தருவாங்கன்னு கேளுங்க. உதாரணத்துக்கு ஏத்தர்ல தனியா வாங்கற திட்டம் 8 வருஷம் அல்லது 80,000 கிலோமீட்டர், 70 சதவீதம். எது முதல்ல வருதோ அது. மாசம் 1,000 ஓட்டற உங்களுக்கு 80,000 கிலோமீட்டர் ஏழாவது வருஷத்துலயே முடிஞ்சிடும்.

கடைசியா, சர்வீஸ் சென்டர் எங்க இருக்குன்னு கேளுங்க. நான் முன்ன வெச்சிருந்த ஒரு எலெக்ட்ரிக் வண்டி ஒரு சின்ன பார்ட்டுக்காகப் பதினொரு நாள் நின்னுச்சு. அந்தப் பதினொரு நாளும் பஸ்தான். வாங்கற முன்னாடி சர்வீஸ் சென்டர் வாசல்ல அரை மணி நேரம் நின்னு, அங்க வண்டி விட வந்தவங்ககிட்ட பேசுங்க. எந்த ரிவ்யூவும் அதுக்கு ஈடாகாது.

6. அப்போ தம்பிக்கு என்ன பதில்?

நான் அவர்கிட்ட ரெண்டு கேள்வி கேட்டேன். அம்மாவுக்கு இப்ப ஆட்டோவுக்கு மாசம் எவ்வளவு ஆகுது? "ஆஸ்பத்திரி, சொந்தக்காரங்க வீடுன்னு ஆறு தடவை, 1,200 ரூபாய் ஆகும்ணா." அவசரத்துக்குக் கையில எவ்வளவு இருக்கு? "8,000."

முதல் பதில் கணக்கை மாத்துது. 1,450 கூட 1,200 சேர்த்தா மாசம் 2,650. போட்ட பணம் 45 மாசத்துல வந்துடும். ஆக, இந்த வண்டியை நியாயப்படுத்தறது பெட்ரோல் மட்டும் இல்லை, அம்மாவோட பயணமும்தான். அப்படின்னா அம்மாவுக்குச் சரிப்படற வண்டிதான் வாங்கணும், ஸ்கிரீன் பெருசா இருக்கற வண்டி இல்லை.

ரெண்டாவது பதில்தான் என்னைப் பயமுறுத்துச்சு. 8,000 ரூபாயை மட்டும் கையில வெச்சுக்கிட்டு மூணு வருஷ இஎம்ஐ எடுக்கறது, பிரேக் இல்லாம மலையிறங்கற மாதிரி. அதனால நான் சொன்னது: ஆறு மாசம் ஒத்திகை பாருங்க. சம்பளம் வந்த மறுநாளே 3,274 ரூபாய் ஆர்டி-யில போகட்டும். லோன் எடுத்துட்டதாவே நினைச்சுக்கங்க. அதுவரைக்கும் அம்மாவுக்கு ஆட்டோவைக் குறைக்காதீங்க. ஆறு மாசத்துல 19,644 சேரும். பழைய 8,000 கூட சேர்ந்தா 27,644, ஒரு மாசச் சம்பளத்துக்கு மேல. அதைத் தொடாம அவசர நிதியா வெச்சுட்டு, பைக்கை வித்து வண்டியை எடுங்க. இஎம்ஐ சம்பளத்துல 13 சதவீதத்துக்குள்ள இருக்கும். இஎம்ஐ முடியறதுக்குள்ள அந்த நிதியை மூணு மாசச் செலவு அளவுக்கு வளர்த்துடுங்க.

நடுவுல ஒரு மாசம் ஆர்டி கட்ட முடியாம போச்சுன்னா? நல்லதுதான். கடன் வாங்காமலே பதில் தெரிஞ்சிடுச்சு. சின்ன வண்டியோ, செகண்ட் ஹேண்ட் பெட்ரோல் ஸ்கூட்டரோ பாருங்க. அதுலயும் அம்மா காலைத் தூக்காம ஏறலாம்.

தம்பி ஒத்திகையை ஆரம்பிச்சுட்டார். இப்ப மூணாவது மாசம். இதுக்கு நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை அம்மாவை ஆட்டோவுல மலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்ததா சொன்னார். "வண்டி வாங்கற வரைக்கும் எதுக்குணா காத்திருக்கணும்?"னு கேட்டார். சரிதானே!

உங்க தினசரி தூரம், இப்ப ஓடற வண்டியோட மைலேஜ், கடைசி மூணு கரண்ட் பில். இந்த மூணையும் ஒரு பேப்பர்ல எழுதிட்டு அப்புறமா ஷோரூமுக்குப் போங்க. அடுத்த பதிவில டூவீலர் இன்சூரன்ஸ்ல எந்த ஆட்-ஆன் தேவை, எது தேவையில்லைன்னு பார்ப்போம்.