டப்பா ஒன்று, பெல்லட் வேறு

ஏர் ரைபிள் பழகும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் என் பட்டறைக்கு வந்தால், உட்காருவதற்கு முன்பே கேட்பது ஒன்றுதான்: "எந்தக் கம்பெனி பெல்லட் வாங்கலாம்ணே?" ஜெர்மனியின் எச் அண்ட் என் நல்லதா, ஆர்.டபிள்யூ.எஸ். நல்லதா, செக் நாட்டு ஜே.எஸ்.பி. எப்படி, சீனத்து சியாங் யுவான் வாங்கலாமா என்று வரிசையாகக் கேட்பார்கள். நான் சொல்லும் பதில் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. கம்பெனிப் பெயரைக் கடைசியில் பாருங்கள். முதலில் டப்பாவில் ஒட்டியிருக்கும் ஹெட் சைஸையும் (பெல்லட் தலையின் விட்டம்) பேட்ச் நம்பரையும் பாருங்கள். அதற்குப் பிறகு உங்கள் பிள்ளையின் துப்பாக்கியிலேயே போட்டுச் சுட்டுப் பாருங்கள். இது எங்களுக்குத் தெரியவர, என் மகள் ஒரு பெரிய போட்டியைப் பறிகொடுக்க வேண்டியிருந்தது.

நான் கரியமாணிக்கத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவன். மோட்டார் ஷாஃப்ட், புஷ், டிராக்டர் பின் என்று கடைவதுதான் தொழில். நூறில் ஒரு மில்லிமீட்டர் என்றால் என்ன என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு புஷ் அந்த அளவு பெருத்தால் ஷாஃப்ட் ஏறாது, சிறுத்தால் ஆடும். பெல்லட் டப்பாவில் 4.49, 4.50, 4.51 என்று போட்டிருப்பதைப் பார்த்ததுமே அந்தக் கடைசி எண்ணுக்குக் காரணம் இருக்கும் என்று சொன்னேன். பயிற்சி மையத்தில் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அதெல்லாம் இந்தியா டீம்ல போறவங்க பாக்கறது சார், உங்க பொண்ணு இப்பத்தான் ஸ்டேன்ஸ் நிக்கவே கத்துக்குது" என்றார் பயிற்சியாளர்.

இந்த விளையாட்டின் கணக்கைத் தெரிந்துகொண்டால் என் கோபம் புரியும். பத்து மீட்டர் தூரம். டார்கெட்டின் நடுவில் இருக்கும் பத்தாம் புள்ளியின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். பெல்லட்டின் விட்டமோ நாலரை. பெல்லட்டின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே 10.0 கிடைக்கும். சரியாக நடுவில் விழுந்தால் 10.9. இந்த இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு தசமப் புள்ளிக்கும் உள்ள தூரம் கால் மில்லிமீட்டர். போட்டியில் 60 ஷாட், 75 நிமிடம். ஒவ்வொரு ஷாட்டும் சராசரியாக அரை மில்லிமீட்டர் கூடுதலாக விலகினால் மொத்தத்தில் 12 புள்ளி போய்விடும். இறுதிச் சுற்றுக்குப் போகிறவளுக்கும் ஊருக்குப் பஸ் ஏறுகிறவளுக்கும் நடுவே அத்தனை இடைவெளி இருக்காது.

எங்கள் பெண் பழகியது 4.49 டப்பாவில். அது தீரும் நிலைக்கு வந்ததால் போட்டிக்கு முந்தின வாரம் பயிற்சி மையம் மூலமாகவே புது டப்பாக்கள் வந்தன. அதே கம்பெனி, அதே படம், அதே விலை. ஆனால் ஸ்டிக்கரில் 4.50 என்று இருந்தது. பேட்ச் நம்பரும் வேறு. டப்பாவைத் திருப்பிப் பார்த்து நான் கேட்டேன். கொண்டு வந்த கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "அண்ணே, கம்பெனி ஒண்ணுதாண்ணே, பயப்படாதீங்க" என்றார். பயிற்சியாளரும் தலையாட்டினார். மகள் என்னைப் பார்த்தாள். மாஸ்டர் சொல்லும்போது அப்பா குறுக்கே பேசினால் பிள்ளைக்குத் தர்மசங்கடம் என்று நான் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

பயிற்சியில் பத்து ஷாட்டுக்கு 102-க்குக் குறையாதவள், அன்றைக்கு 100-ஐத் தொடவே தடுமாறினாள். நல்ல ஷாட் என்று அவள் மனசு சொன்னவை 9.8-இல் விழுந்தன, கை ஆடியது என்று நினைத்தவை 10.5-இல் விழுந்தன. இதுதான் முக்கியமான அடையாளம். சுடுபவர் தப்பு செய்தால் அவருக்கே தெரியும். தனக்குத் தெரிந்ததற்கும் திரையில் வருவதற்கும் சம்பந்தமில்லாமல் போனால் தோட்டாவைச் சந்தேகப்பட வேண்டும். ஆனால் மையத்தில் சொன்னது: "பதட்டம் சார். ராத்திரி சரியா தூங்கியிருக்க மாட்டா." அந்த வார்த்தையை என் மகள் நம்பிவிட்டாள். தோற்றதைவிட எனக்கு வலித்தது அதுதான். கை சரியாகத்தான் வேலை செய்தது என்று காட்டாமல் விட்டால் அந்தப் பிள்ளை துப்பாக்கியைத் தொடவே யோசிக்கும்.

ஆகவே பட்டறையில் துப்பாக்கியை வைஸில் கட்டினேன். இதைச் செய்ய நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: இரும்புத் தாடை நேராகத் துப்பாக்கியைக் கடிக்கக் கூடாது. பேரலையும் காற்றுச் சிலிண்டரையும் எந்தக் காரணத்துக்காகவும் இறுக்கக் கூடாது. நான் வேப்பங்கட்டையில் துப்பாக்கியின் உடம்புக்கு ஏற்றபடி குடைந்து, உள்ளே தோல் ஒட்டி, ரிசீவர் பக்கத்தில் மட்டும் பிடித்தேன். நெல் மூட்டை அடுக்கும் கொட்டகையில் பத்து மீட்டர் அளந்து, பின்னால் கனமான இரும்புப் பலகையைச் சாய்த்து வைத்து, கொட்டகைக் கதவைப் பூட்டிவிட்டுச் சுட்டோம். ஒரே இடத்தில் பத்துப் பத்தாக. பழைய டப்பாவில் மிச்சமிருந்தவை ஒரே ஓட்டையாக விழுந்தன. விளிம்புக்கு விளிம்பு அளந்தால் ஆறு மில்லிமீட்டருக்குள். புது டப்பாவில் ஓட்டை அகன்று, ஓரம் கிழிந்து, இரண்டு தோட்டா தனியாக ஒதுங்கி நின்றன. கை இல்லை, மூச்சு இல்லை, பதட்டம் இல்லை. வைஸுக்குத் தூக்கம் கெட்டிருக்க முடியாதே! அந்த இரண்டு காகிதங்களையும் மகளிடம் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைக்ரோமீட்டர் வைத்து பெல்லட்டை அளந்து தரம் பிரிக்கலாம் என்று லேத் வேலை தெரிந்த யாருக்கும் தோன்றும். வேண்டாம். அது மெத்தென்ற காரீயம். மைக்ரோமீட்டரின் அழுத்தத்துக்கே தலை நசுங்கும், அளவும் பொய்யாக வரும். நகைக்கடைத் தராசில் எடை போட்டுப் பார்க்கலாம். ரைபிள் பெல்லட் சுமார் 0.53 கிராம் இருக்கும், பிஸ்டலுக்கு இன்னும் இலேசு. ஒரு டப்பாவுக்குள்ளேயே எடை தாறுமாறாக இருந்தால் ஒதுக்கிவிடலாம். ஆனால் எடை ஒன்றாக இருப்பதால் மட்டும் குரூப், அதாவது ஓட்டைகளின் கூட்டம், நெருக்கமாக விழுந்துவிடாது. காகிதத்தில் விழும் ஓட்டைதான் தீர்ப்பு.

இந்தப் பாடம் ஏர் ரைபிளுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் பழைய காலத்துக் கருமருந்துத் தோட்டா போட்டு நீண்ட தூரம் சுடும் போட்டிகள் இன்றும் நடக்கின்றன. சுவிஸ் என்ற மருந்தா, அமெரிக்கக் கோயெக்ஸா என்று அங்கேயும் ஓயாத வாதம். கருமருந்து எரிந்தால் எடையில் பாதிக்கு மேல் திடமான கசடாக மிஞ்சும். அந்தக் கசடு காய்ந்து கெட்டிப்பட்டால் அடுத்த குண்டு தடம் மாறும். அதனால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் நடுவே ஒரு குழாயை வைத்துப் பேரலுக்குள் வாயால் ஊதி, மூச்சின் ஈரத்தால் கசடை இளக்குகிறவர்கள் உண்டு. எந்த மருந்து நல்லது என்ற கேள்விக்கு அங்கே அனுபவசாலிகள் சொல்வதும் இதுவே: உன் துப்பாக்கியில், உன் ஊர் ஈரப்பதத்தில் சுட்டுப் பார். அதே கம்பெனியில் பேட்ச் மாறினால் மறுபடி சுட்டுப் பார்.

நான் பெல்லட் சோதனைக்குச் செலவழித்ததைப் பார்த்து, அந்தக் காசுக்குப் புது ஷூட்டிங் ஜாக்கெட் தைத்திருக்கலாம் என்று மற்றப் பெற்றோர் சொன்னார்கள். பழைய ஜாக்கெட்டிலேயே அவள் சுடட்டும் என்று நான்தான் முடிவு செய்தேன். இன்றும் அதுதான் சரி என்பேன். ஜாக்கெட் உடம்பைப் பிடிக்கும், தோட்டாவைப் பிடிக்காது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: இரண்டு மூன்று கம்பெனியில், வெவ்வேறு ஹெட் சைஸில் ஒவ்வொரு டப்பா வாங்குங்கள். கம்பெனி மாற்றும்போது முதல் சில ஷாட்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பேரலில் பழைய ஈயம் ஒட்டியிருக்கும். ஃபெல்ட் துணி உருண்டை விட்டுச் சுத்தம் செய்த பிறகும் அப்படியே. குரூப் நன்றாக விழுந்த பேட்ச் நம்பரை எழுதிக்கொண்டு, அதே பேட்சில் ஒரு வருஷத்துக்கு ஆகிறதை மொத்தமாக வாங்கிவிடுங்கள். கடைக்காரர் "நம்பர்லாம் பாத்து தர முடியாதுண்ணே" என்றால் கடையை மாற்றுங்கள். நான் மாற்றினேன்.

மீதியெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. துப்பாக்கியின் காற்றுச் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பார்த்து, காலாவதியாகிவிட்டதா என்று கவனியுங்கள். கடலோரக் காற்றில் ஈயம் வெளுத்து மாவு பூக்கும். டப்பாவை இறுக மூடி வையுங்கள், பைக் பெட்டியில் வெயிலில் போடாதீர்கள். பெல்லட் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் பிள்ளைகள் சோறு தொடக் கூடாது. ஈயம் உடம்பில் சேரும் விஷம்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு எட்டாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் பத்து மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் பிறந்தது இதோ பக்கத்தில் இருக்கும் கடலூரில். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய ககன் நாரங் பிறந்தது சென்னையில். அந்த உயரத்துக்குப் போகிறவர்கள் பெல்லட் பேட்ச் விஷயத்தில் எவ்வளவு கறாராக இருப்பார்கள் என்பதைப் பயிற்சி மையங்கள் முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். "இப்பத்தான் கத்துக்குது" என்று தள்ளிப்போடுவதால், தப்பே செய்யாத பிள்ளை தன் கையைச் சந்தேகப்படப் பழகுகிறது.

வேப்பங்கட்டைத் தாங்கி இன்னும் என் வைஸில்தான் இருக்கிறது. பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம் கொம்யூன்களில் ஏர் ரைபிள் சுடும் பிள்ளை இருக்கும் வீட்டார் யாராக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரலாம். துப்பாக்கியைப் பையில் பூட்டிக் கொண்டுவாருங்கள். பெல்லட் டப்பாவில் ஸ்டிக்கரைக் கிழிக்காமல் கொண்டுவாருங்கள்.